பாக்கெட்டுக்கு முன்னால் விடும் இடம்

விர்ச்சுவல் நெட்வொர்க் டிரைவர் எழுதுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் டிரைவர் பாக்கெட்டின் முன்பக்கம் எத்தனை பைட் சேர்க்கிறது, அதை மேலடுக்குக்குச் சொல்லிவிட்டீர்களா? முதல் பாதிக்குப் பலரிடம் பதில் இருக்கும். வேகம் போவது இரண்டாம் பாதியில்.

லினக்ஸ் கர்னலில் பாக்கெட்டின் தரவுக்கு முன்னால் காலியாக விடும் பகுதிக்கு ஹெட்ரூம் என்று பெயர். தரைத்தளம் கட்டும்போதே மாடிக்காகத் தூண்களில் கம்பியை நீட்டி விட்டுவைப்பார்களே, அந்த முன்யோசனைதான். இடம் இருந்தால் ஒரு பாயிண்டரை முன்னால் நகர்த்தி ஹெடரை எழுதிவிடலாம். இல்லாவிட்டால் கர்னல் புதிய பஃபரை ஒதுக்கி, பழைய தலைப்பகுதியை நகலெடுத்து, பழையதை விடுவிக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும். பிழைச்செய்தி வராது, பாக்கெட்டும் சரியாகப் போய்ச் சேரும். அதனால்தான் இந்தக் கோளாறு யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்86 இயந்திரங்களில் உள்ளே வரும் பாக்கெட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஹெட்ரூம் 64 பைட். பிரிட்ஜ் வழியாக அதை விஎக்ஸ்லேன் டன்னலில் விட்டால், ஐபிவி4-இல் 50 பைட் சேரும்: ஈதர்நெட் 14, ஐபி 20, யுடிபி 8, விஎக்ஸ்லேன் 8. அடங்கிவிடும். அதே டன்னல் ஐபிவி6 மேல் ஓடினால் 70, அடங்காது. ஐபிவி4-ஐயும் முழுதாக நம்ப முடியாது. கீழே இருப்பது விர்ட்டியோ-நெட் என்றால் அது தன் 12 பைட் ஹெடருக்கும் இடம் கேட்கும். ஈதர்நெட்டின் 14-உடன் சேர்ந்து 26; கர்னல் அதை 32 ஆக்கும். டன்னலின் மீதி 36-ஐக் கூட்டினால் 68. நாலே நாலு பைட் குறைந்ததற்காக ஒரு நகல்!

எனவே தேவையான ஹெட்ரூமைச் சாதனத்தைப் பதிவு செய்யும்போதே அறிவியுங்கள். இன்னொரு சாதனத்தின் மேல் உட்காரும் டிரைவர் என்றால், அடியில் இருப்பதன் தேவையையும் கூட்டிச் சொல்லுங்கள். 2016-இல் வந்த 4.6 கர்னலிலிருந்து பிரிட்ஜும் ஓபன் விஸ்விட்சும் தங்கள் போர்ட்களுக்கு இந்த அளவைத் தெரிவிக்கின்றன. வெத், டன் டிரைவர்கள் இரண்டும் அதைக் கேட்டு நடக்கின்றன. உங்கள் டிரைவரும் அந்தக் கோரிக்கைக்குக் காது கொடுக்கட்டும்.

இடம் இருந்தும் நகல் நடப்பதுண்டு. டிசிபி தான் அனுப்பும் பாக்கெட்டை மறுபடி அனுப்ப வேண்டிவரலாம் என்று கையில் வைத்துக்கொண்டு, அதன் குளோனைத்தான் கீழே தருகிறது. ஹெடரை மட்டும் மாற்றப்போகிறவர் ‘எஸ்கேபி கவ்’ அழைத்தால் ஒவ்வொரு முறையும் நகல்தான். ‘எஸ்கேபி கவ் ஹெட்’ அழைத்தால் போதும். ஹெடர் பகுதியை டிசிபி ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருக்கிறது. ஒரே சொல் வித்தியாசம். கோட் ரிவ்யூவில் நான் இதைத் தவறாமல் தேடுவேன்.

அளப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐபெர்ஃப் எடுத்து டிசிபி ஓட்டினால் எல்லாம் நன்றாகவே தெரியும். உள்ளூர் டிசிபி தொடக்கத்திலேயே தாராளமாக இடம் விடுகிறது. ஜிஎஸ்ஓ இருந்தால் 64 கிலோபைட் வரை ஒரே பொதியாக வருவதால் ஒரு நகலின் செலவு அதில் கரைந்துபோகும். சின்ன யுடிபி பாக்கெட்டுகளை வெளியிலிருந்து ஃபார்வர்டு செய்து, நொடிக்கு எத்தனை பாக்கெட் என்று பாருங்கள். கூடவே பிபிஎஃப்ட்ரேஸ் கொண்டு ‘பிஎஸ்கேபி எக்ஸ்பாண்ட் ஹெட்’ ஃபங்ஷன்மேல் கண் வைத்து, கர்னல் ஸ்டாக்கோடு எண்ணுங்கள். குற்றவாளி எந்த அடுக்கில் இருக்கிறார் என்று அதுவே காட்டிவிடும்.

அதற்காக ஹெட்ரூமை அள்ளி விடவும் கூடாது. எக்ஸ்டிபி கேட்பது 256 பைட். அதனுடன் 1514 பைட் ஃபிரேமும், பஃபரின் கடைசியில் கர்னல் வைக்கும் 320 பைட் தகவலும் சேர்ந்தால் 2090. அரைப் பக்கம் 2048 தான். ஒரு பக்கத்தில் இரண்டு பாக்கெட் வைக்க முடியாமல் போய், நினைவகச் செலவு இரட்டிக்கும். இன்டெல் டிரைவர்கள் சில 192-இல் நின்றது இந்த நெருக்கடியால்தான். ஆனால் அந்தப் பாக்கெட்டே எக்ஸ்டிபி பூட்டிய வெத்துக்குள் போனால், 256 இல்லையென்று அங்கே மறுபடி நகலெடுக்கும்.