பல்லுக்குள்ளே ஒரு பட்டறை வேலை!

"பல்லு போனா சொல்லு போச்சு" என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் பல் வலி வந்துவிட்டால் அவர்களே, "பிடுங்கிப் போடு, தொல்லை விட்டுச்சு!" என்பார்கள். என் அப்பாவுக்கு இப்படியே கடைவாய்ப் பற்கள் ஐந்து போய்விட்டன. போன வருஷம் அம்மாவுக்கு வலி வந்தபோது, வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் என்பதால் டாக்டரிடம் பேசும் வேலை எனக்கு வந்தது. அவர் சொன்னது 'ரூட் கேனால்', அதாவது வேர் சிகிச்சை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வலி ஏன் வருகிறது?

பல்லின் மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் பற்கூழ். நரம்பும் ரத்தக் குழாயும் இந்தக் கூழில்தான் இருக்கின்றன. சொத்தை வழியாகக் கிருமி நுழைந்தால் கூழ் வீங்கும். கை வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர்! அழுத்தம் ஏறி உயிர் போகிற வலி வருகிறது.

பிறகு ஒருநாள் வலி தானாகவே நின்றுவிடும். ஆபத்தே அங்கேதான்! கூழ் செத்துவிட்டது, கிருமி சாகவில்லை. அது வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். செத்த கூழில் ரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரை மருந்தும் அங்கே போய்ச் சேராது. அம்மாவும் நாலாம் நாள், "வலிதான் நின்னுபோச்சே, இனிமே எதுக்குடா செலவு?" என்றார். இதைச் சொல்லித்தான் புரியவைத்தேன்.

டாக்டர் என்ன செய்வார்?

முதலில் எக்ஸ்ரே. பிறகு மரத்துப்போக ஊசி. பல்லின் மேல் சிறு துளை போட்டு, கெட்ட கூழை எடுப்பார். அடுத்து வருவது நம் மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பழகின வேலை. மெல்லிய ஃபைல்களால் வேர்க்குழாயைத் தேய்த்து அகலப்படுத்துவார். 25ஆம் நம்பர் ஃபைல் என்றால் நுனி விட்டம் 0.25 மி.மீ. சாதாரணக் கை ஃபைலில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.02 மி.மீ. டேப்பர். வெட்டும் பகுதி 16 மி.மீ. அப்படியானால் மேல்முனையில் விட்டம் எவ்வளவு? 0.57 மி.மீ.! நம் பட்டறையில் இவ்வளவு சின்ன ரீமரை நான் பார்த்ததில்லை.

இடையிடையே சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுவார். கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் குழாயை அடைப்பார். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு குழாய்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பொதுவாக மூன்று இருக்கும். அதனால்தான் அதற்கு நேரம் அதிகம்.

நாம் எதிர்பார்க்க வேண்டியவை

* ஒரே தடவையில் முடியலாம். இரண்டு மூன்று தடவையும் ஆகலாம். தற்காலிக அடைப்போடு பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.
* உதடு மரத்திருக்கும்வரை சாப்பிட வேண்டாம், கடித்துக்கொள்வீர்கள்.
* சில நாள் கடிக்கும்போது லேசான வலி இருக்கும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போக வேண்டும்.
* கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் 'கேப்' தேவை. இல்லாவிட்டால் பல் பிளந்துவிடலாம்.
* சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

"நரம்பை எடுத்தா கண்ணு போயிடும்" என்று எங்கள் தெருவில் ஒரு பாட்டி பயமுறுத்தினார். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பயமே வேண்டாம்.

வேர் பிளந்த பல் போன்ற சிலவற்றைக் காப்பாற்ற முடியாது. மற்றபடி பிடுங்குவதற்கு முன், "இதைக் காப்பாத்த முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். செலவுக்குப் பயந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அம்மா இன்றும் அந்தப் பக்கம்தான் மென்று சாப்பிடுகிறார்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் படித்தவர் நாம் ஒருவர்தான். மெஷினைப் பற்றி மட்டுமல்ல, இதையும் வீட்டில் எடுத்துச் சொல்வது நம் கடமை!

— இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை