அந்தப் பையனையும் சேர்த்துப் படி

அன்புள்ள செந்திலுக்கு,

பெரியப்பா எழுதுவது. ராணுவத்தை விட்டுவிட்டுக் கட்சியில் சேரப்போகிறாய் என்று உன் அம்மா ஃபோனில் சொன்னாள். பாவம், குரலே சரியில்லை. நான் தடுக்கவில்லையப்பா, முடிவு உன்னுடையது. ஆனால் நீ உதாரணம் காட்டினாயே, ஹாஸோ ஃபொன் மான்டாய்ஃபெல், அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாய்.

கெட்டிக்காரத் தளபதிதான். 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டில் ஐந்தாம் பன்சர் ராணுவத்தை நடத்தினார். நெடுநேரம் பீரங்கி அடித்தால் அமெரிக்கர் உஷாராகிவிடுவார்கள் என்று ஹிட்லரிடமே வாதாடித் திட்டத்தை மாற்றவைத்தார். தேடுவிளக்குகளை மேகத்தில் பாய்ச்சி, அந்த வெளிச்சத்தில் படையை நகர்த்தினார். போர் முடிந்து, 1953 முதல் 1957 வரை மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்ற உறுப்பினர். புது ராணுவத்துக்கு 'பூண்டஸ்வேர்' என்ற பெயரைச் சொன்னதே அவர்தான் என்பார்கள். நீ படித்தது இவ்வளவுதான்.

அதே 1944-இன் தொடக்கத்தில், கிழக்குப் போர்முனையில், அவர் டிவிஷனில் 19 வயதுப் பையன் ஒருவன் எதிரி வந்தபோது பயந்துவிட்டான். ராணுவ நீதிமன்றம் சிறையோடு விட்டது. இவர் விடவில்லை. ஹிட்லரின் உத்தரவைக் காட்டி அவனைச் சுடவைத்தார். 1959-இல் டுசல்டார்ஃப் நீதிமன்றம் இவருக்கு 18 மாதச் சிறை விதித்தது. சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார்.

பீரங்கி அடிக்கும் நேரத்துக்காக ஹிட்லரிடம் மல்லுக்கட்டத் தெரிந்த மனிதர், செந்தில். அந்தப் பையனுக்காக யாரிடமும் மல்லுக்கட்ட வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்திருந்தாலே போதும்.

உன் தாத்தா வேலை போன கதை உனக்குத் தெரியும். விசாரித்தவர் குற்றமில்லை என்று எழுதிய பிறகும், மேலே இருந்த ஒருவர் "மேலிடத்து உத்தரவு" என்று கையெழுத்துப் போட்டார். அவரும் பிற்பாடு மாலை போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வந்தார். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு இன்றும் ஆறவில்லை. கட்சிக்குள் போனால் அந்த மாதிரிக் காகிதம் உன் மேஜைக்கும் வரும். ராணுவத்திலும் வரும்தான், ஆனால் அங்கே உன்னை எனக்குத் தெரியும்.

அதிகம் பேசிவிட்டேனோ? மனதில் வைத்துக்கொள்ளாதே, ராஜா. நீ எதைச் செய்தாலும் எனக்குப் பெருமைதான். தேர்தலில் நின்றால் சொல், நோட்டீஸ் கொடுக்க வீடுவீடாக நான் வருகிறேன். பொங்கலுக்குக் கட்டாயம் வா. பெரியம்மா இப்போதே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
பெரியப்பா