அது என்ன சத்தம்?

ராத்திரி நேரம் சிற்றலையில் டயலைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டுக்கும் செய்திக்கும் நடுவே 'கிர்ர்', 'டொக்டொக்' என்று ஏதோ கேட்கும். உடனே "உளவாளிகள்டா!" என்போம். பெயர் வைக்கும் முன் அளக்க வேண்டும். எத்தனை டோன்? எவ்வளவு அகலம்? எத்தனை வினாடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது?

14,074 கிலோஹெர்ட்ஸில் அப்பர் சைடுபேண்ட் வைத்துக் கேளுங்கள். பல பேர் விசிலடிப்பது மாதிரி இருக்கும். வாட்ச்சைப் பாருங்கள்: சுமார் 13 வினாடி சத்தம், பிறகு சின்ன அமைதி, 15 வினாடிக்கு ஒரு சுற்று. கம்ப்யூட்டரில் வாட்டர்ஃபால் படத்தில் ஒரு விசிலை மட்டும் பெரிதாக்கினால் 8 டோன்; டோனுக்கு டோன் 6.25 ஹெர்ட்ஸ், மொத்த அகலமே 50 ஹெர்ட்ஸ்தான். இத்தனையும் பொருந்தினால் அது அமெச்சூர்காரர்களின் எஃப்.டி.8, 2017-ல் வந்தது.

காது ஏமாறும் இடமும் உண்டு. ஸ்டானாக் 4285 என்ற ராணுவ மோடம் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். வினாடிக்கு 2400 சிம்பல், ஃபிரேமுக்கு 256. ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் அதே 80 சிம்பல் வரும். பதிவு செய்து ஆட்டோகோரிலேஷன் போட்டால் (கணக்கு வகுப்பில் தூங்காதவர்களுக்கு!) 106.7 மில்லிசெகண்டில் ஒரு முகடு எழும்பி அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, ரூமில் மெயினை அணைத்துக் கேட்கணும். நான் கேட்கலை. 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாகச் சீராக வந்ததை 'அடையாளம் தெரியாத சிக்னல்' என்று ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நாலு பக்கம் எழுதிவிட்டேன். வைவாவுக்கு முதல் நாள் ரூம்மேட் தன் செல்போன் சார்ஜரைப் பிடுங்கினான். அத்தனை சிக்னலும் காணோம்! ராத்திரியோடு ராத்திரியாக அந்த நாலு பக்கத்தையும் 'எஸ்.எம்.பி.எஸ். இடைஞ்சல்' என்று மாற்றி எழுதினேன்.