உலைக்குள் ஐந்து நிமிடம்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆல்ஃபா அலுமினா என்ற அலுமினியம் ஆக்ஸைடு படிகத்தைச் செய்ய 1,200 டிகிரியாவது வேண்டுமாமே, எங்கள் கல்லூரி உலை அறுநூறைத் தாண்டாதே என்று எழுதியிருந்தாய். அறுநூறே அதிகம்! பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் கே. சி. பாட்டீலும் ஜே. ஜே. கிங்ஸ்லியும் 500 டிகிரி உலையில், ஐந்து நிமிடத்துக்குள் அதைச் செய்துகாட்டினார்கள். அவர்களுடைய கட்டுரை 1988-இல் வந்தது.

அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் கொஞ்சம் நீரில் கரைத்து, அகன்ற கிண்ணத்தில் ஊற்றி, சூடான உலைக்குள் வைக்க வேண்டும். நீர் வற்றும், கரைசல் பாகுபோலாகி நுரைத்துப் பொங்கும், சட்டென்று பற்றிக்கொண்டு வெள்ளொளியோடு எரியும். அந்தச் சுடரின் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டிவிடும். உலை வெறும் தீக்குச்சிதான். மற்ற வெப்பமெல்லாம் கிண்ணத்துக்குள்ளேயே பிறப்பது.

ஆகவே உலையை விட்டுவிட்டுக் கலவை விகிதத்தைக் கவனி. ராக்கெட் எரிபொருள்காரர்களின் கணக்கு இது. கார்பனுக்கு +4, ஹைட்ரஜனுக்கு +1, ஆக்ஸிஜனுக்கு −2, நைட்ரஜனுக்குச் சுழி, உலோகத்துக்கு அதன் இணைதிறன். அலுமினியம் நைட்ரேட், Al(NO₃)₃: 3−18, அதாவது −15. யூரியா, CO(NH₂)₂: 4+4−2, அதாவது +6. பதினைந்தை ஆறால் வகுத்தால் 2.5. ஒரு மோல் நைட்ரேட்டுக்கு இரண்டரை மோல் யூரியா. நைட்ரேட் படிகத்திலுள்ள ஒன்பது நீர் மூலக்கூறுகளையும் எடையில் சேர்த்துக்கொள். பலர் சறுக்குவது அங்கேதான். 5 கிராம் நைட்ரேட்டுக்கு 2 கிராம் யூரியா என்று வரும். முதல் தடவைக்கு அது போதும்.

ஏழு கிராம் போட்டால் கையில் மிஞ்சுவது முக்கால் கிராமுக்கும் குறைவு. ஏமாந்துவிடாதே. ஒரு மோல் அலுமினா உண்டாகும்போது, படிக நீரை விட்டுவிட்டாலும் 23 மோல் வாயு வெளியேறுகிறது. அந்த வாயுதான் திடப்பொருளைக் கிழித்து நுரையாக்குகிறது. விரலால் தொட்டாலே பொடியாகும். யூரியா குறைந்தால் சூடு போதாமல் படிகம் சரியாக அமையாது. மிகுந்தால் கரி தங்கி, தூள் சாம்பல் நிறமாகலாம்.

நைட்ரஜனுக்குச் சுழி என்பது காகிதத்தில்தான். நிஜத்தில் பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்ஸைடு புகையும் வரும், நச்சு அது. புகைபோக்கிக் கூண்டும் ஆசிரியரும் இல்லாமல் தொடாதே. கிண்ணத்தை மூடவே மூடாதே. யூரியாவுக்குப் பதிலாகக் கிளைசினையும் எரிபொருளாகப் பயன்படுத்துவார்கள். அதை இப்போதைக்கு விட்டுவிடு.

கரைசலில் துளி குரோமியம் நைட்ரேட் சேர்த்தால் வெள்ளைத் தூள் இளஞ்சிவப்பாக வரும். மாணிக்கக் கல்லுக்கு நிறம் தருவதும் அதே குரோமியம்தான்.

துத்தநாக நைட்ரேட்டுக்கு எத்தனை மோல் யூரியா? கணக்குப் போட்டு எழுது.

அன்புடன்,
மாமா