சித்திரையில் கல்வராயன் மலை ஏறுகிறவர்களுக்கு

பள்ளிக்கூடம் விட்டாயிற்று. இனி சனிக்கிழமை விடிந்தால் கள்ளக்குறிச்சியில் வெளியூர் கார்கள் ஓரங்கட்டி, "பெரியார் அருவிக்கு எப்படிங்க போகணும்?" என்று கேட்கும். கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதையைப் பிடியுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த மாதத்தில் அருவியை நம்பி ஏற வேண்டாம்.

கல்வராயன் ஊட்டி இல்லை. பெரும்பகுதி 2,000 அடியிலிருந்து 3,000 அடிக்குள்தான், ஏற்காட்டைவிடத் தாழ்வு. காடும் இலையுதிர் காடு. மாசியில் கொட்டத் தொடங்கிய சருகு இப்போது கணுக்கால் அளவு கிடக்கிறது, மேலே நிழல் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆளைத் தள்ளும் பெரியார் அருவியும் மேகம் அருவியும் இன்றைக்கு நூல்போல வழிந்தாலே அதிகம்.

அப்படியானால் எதற்குப் போவது? விடியற்காலைக்காக. ஐந்தரைக்குக் கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் வெயில் ஏறுமுன் கரியாலூர், வெள்ளிமலை பார்த்துவிடலாம். மலைப்பலா பழுக்கும் காலம். கடுக்காய், தேன், சாமை கிடைத்தால் மலைக்காரர்களிடமே வாங்குங்கள், பேரம் வேண்டாம். நேரம் இருந்தால் சேலம் மாவட்ட எல்லைக்குள் கருமந்துறை வரை போகலாம். பதினொரு மணிக்கு மேல் பாறையில் உட்கார முடியாது.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், கீழேயே ஏற்றிக்கொள்ளுங்கள். கோடையில் மலைக் கிராமத்துக்காரர்களே குடத்தோடு அலைகிறார்கள். அவர்கள் குழாயில் கேனை வைப்பது நியாயமில்லை. ஓடையில் கார் கழுவுகிறவர்களுக்கு என்ன சொல்வது! டீசல், பெட்ரோலும் கீழேயே. செல்போன் எல்லா வளைவிலும் எடுக்காது. திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டி விஷயம். ஏறும்போது ஏ.சி.யை நிறுத்தினால் இஞ்சினுக்கு மூச்சு வரும். ஆவி பறந்தால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். தீய்ந்த வாடை அடித்தால் பிரேக் சூடேறிவிட்டது என்று அர்த்தம். அரை மணி நேரம் நிறுத்தி ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வளைவில் ஹாரன் அடியுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய பயம் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20 பேருக்கு மேல் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். காட்டோரம் அடுப்பு மூட்டிக் கறி சமைப்பது கூடவே கூடாது. பீடி, சிகரெட் துண்டை வண்டியிலேயே அணைத்து வையுங்கள். எங்காவது புகை தெரிந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் வண்டியைத் திருப்புங்கள். நடந்து போயிருந்தால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள்; தீ சரிவில் ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. பக்கவாட்டில் ஒதுங்கி, சருகில்லாத வெறும் பாறையைத் தேடுங்கள்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் பிற்பகலில் திடீர் இடிமழை வரும். காய்ந்த ஓடையில் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை கலங்கலாக இறங்கிவிடும். ஓடை நடுவே சாப்பாட்டுக் கூடையைப் பிரிக்காதீர்கள். இடி கேட்டால் தனி மரத்தடியை விட்டுக் காருக்குள் ஏறுங்கள்.

அடிபட்டால் 108. மலையில் ஆரம்ப சுகாதார நிலையம்தான்; பெரிய சிகிச்சைக்குச் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர வேண்டும். இருட்டில் அந்த வளைவுகளில் இறங்கும் நிலை வேண்டாம், மூன்று மணிக்கே திரும்புங்கள்.

கிளம்புமுன் பாட்டில்களை எண்ணிப் பாருங்கள். ஏற்றிச் சென்றது அத்தனையும் கீழே இறங்கியாக வேண்டும்.