நம்பிக்கைகளும் உண்மைகளும்: தம் இல்லாத ஜீப்பு

அனந்தபுரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று நின்றால், பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் அதைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: “வண்டி நல்ல வண்டிதான், ஆனா தம் இல்ல.” அடுத்து, தம் ஏற்றுவதற்கு ஆளுக்கொரு வைத்தியம் வரும். பம்பைத் திருகு, தெர்மோஸ்டாட்டைக் கழற்று, டயரைப் பெரிதாக்கு, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்று. இந்த ஜீப்புகளில் பல வயதாகிச் செத்தவை அல்ல, வைத்தியத்தில் செத்தவை.

தம் குறைவு என்பது பொய்யில்லை. 1980களின் நடுவில் வந்த எம்.எம்.540இல் இருந்தது 2112 சிசி பெஜோ டீசல், 62 குதிரைசக்தி. 2010இல் வந்த தார் டிஐயில் 2523 சிசி, 63 குதிரைசக்தி. நான்கு அங்குல ஸ்ட்ரோக் கொண்ட இந்த இரண்டாவது இன்ஜின் இன்டர்நேஷனல் டிராக்டர் வம்சத்தில் வந்தது. ஏர் ஓட்டப் பிறந்த இன்ஜின் சீறிப் பாயாது. பெஜோவில் டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. 2020இல் வந்த புதிய தாரின் டீசலுக்கு 130 குதிரைசக்தி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழையது பாதிக்குக் கீழே.

“அறுபது குதிரையை வெச்சிக்கிட்டு மேடு ஏற முடியாது”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் சாமானும் சேர்த்து ஒன்றரை டன் வண்டி. நூறு அடி போனால் முப்பது அடி உயர்கிற செங்குத்தான மண் பாதை. சரளையும் புழுதியும் பிடித்து இழுக்கும். இதில் வண்டியை மேலே தள்ள ஏறத்தாழ 580 கிலோ விசை வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டரில் ஏறினால் அதற்குச் சக்கரத்தில் 11 குதிரைசக்தி போதும். அதே மேட்டை 50 கிலோமீட்டரில் ஏற வேண்டுமென்றால் 110 வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஏறலாம் என்பதைத்தான் குதிரைசக்தி சொல்கிறது. ஏற முடியுமா என்பதைச் சொல்வது கியர்.

மஹிந்திரா ஜீப்பின் மூதாதையான, வில்லிஸ் காலத்து சி.ஜே.2ஏ ஜீப்பின் கியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 2.8 மடங்கு, ‘லோ’ கியர் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, டிஃபரன்ஷியல் 5.38 மடங்கு. பெருக்கினால் இன்ஜினின் முறுக்கு விசை சக்கரத்துக்கு வரும்போது சுமார் 37 மடங்கு. பெஜோ இன்ஜின் தருவது சுமார் 12 கிலோகிராம்-மீட்டர். இந்தக் கியர்களோடு அதைச் சேர்த்து, உராய்வில் போவதைக் கழித்தாலும் நாலு சக்கரமும் சேர்ந்து தரையை ஆயிரம் கிலோவுக்கு மேல் தள்ளும். தேவை 580. இன்ஜின் 1500 சுற்றில் நிதானமாக ஓட, வண்டி மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரில் ஊர்ந்து ஏறும்.

மழை விட்ட மறுநாள் ஏரி உள்வாயில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். ஈரக் களியில் டயரின் பிடி வண்டி எடையில் பாதிகூட இருக்காது. ஒன்றரை டன் வண்டியை எடுத்துக்கொண்டால் 750 கிலோவுக்கும் குறைவு. இந்தச் சோப்ளாங்கி இன்ஜின் கொடுக்கிற விசையையே அந்த மண் தாங்கவில்லை. இன்னும் எழுபது குதிரையைக் கொண்டுவந்து என்ன செய்வது? சக்கரம் சுற்றிக் குழி தோண்டி அச்சு வரை இறங்கும். சேற்றில் வேண்டியது நல்ல பட்டன் உள்ள டயரும், காற்றைக் கொஞ்சம் இறக்கி விடுகிற பொறுமையும், சீக்கிரமே ‘லோ’ போடுகிற புத்தியும். ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு, முடியாமல் போன பிறகு ஃபோர் வீல் போடுகிறவர்தான் அதிகம்.

உயரத்திலும் இதே கதை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் கடல்மட்டத்துக்கு 7000 அடிக்கு மேலே இருக்கிறது. கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து கல்லும் குழியுமான பாதையில் பழைய மஹிந்திரா ஜீப்புகள்தான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று சதவீதம் சக்தியை இழக்கும். உச்சிக்குப் போகும்போது 62 குதிரையில் 50 மிஞ்சினால் பெரிது. ஆனாலும் விடியலைப் பார்க்க நினைக்கிறவர்களை அவைதான் விடியலுக்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள நம் மலைகளில் உயரம் ஒரு பொருட்டே இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற தேசிய நெடுஞ்சாலையில் இந்த வண்டி உண்மையிலேயே பலவீனம். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 60இல் தேவைப்பட்டதைப் போல 90இல் மூன்று மடங்குக்கும் மேல். ஜீப்பின் முகமோ கதவு மாதிரி நேராக நிற்கிறது. ஆகவே லாரியை ஓவர்டேக் செய்ய நினைத்துப் பாதியில் மூச்சு வாங்குவதற்குப் பதில், இடது ஓரம் 65இல் போவதுதான் இதற்கு அழகு. அதற்கு மனசில்லாதவர் வேறு வண்டி வாங்கலாம். இதைத் திருத்தப் போகக் கூடாது.

“பெரிய டயர் போட்டா நல்லா ஏறும்”

தரையில் உரசாமல் போகும், அவ்வளவுதான். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 போட்டால் எல்லாக் கியரும் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்துவிடும். தம் இல்லை என்று புலம்பிய இன்ஜினின் தலையிலேயே அந்தச் சுமையும் விழும். முன்பு மூன்றாவது கியரில் போன மேட்டுக்கு இப்போது இரண்டாவது வேண்டும். கிளட்ச் பிளேட் தேயும், பிரேக் பிடிப்பும் குறையும். டிஃபரன்ஷியல் பல்லையும் மாற்றுகிறவருக்குத்தான் பெரிய டயர் நியாயம்.

“கரும்புகை வந்தாத்தான் இழுவை”

மிகவும் கெடுதல் செய்த நம்பிக்கை இது. பம்பின் திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் டீசல் கூடுதலாக இறங்கும். அன்று சாயங்காலம் வண்டி கொஞ்சம் துள்ளும். மெக்கானிக் பெயர் வாங்குவார். ஆனால் டர்போ இல்லாத இன்ஜின் ஒரு முறை இழுக்கிற காற்று இவ்வளவுதான் என்று அளவு உண்டு. திருகினால் டீசல் கூடும், காற்று கூடாது. ஒரு கிராம் டீசல் எரியக் கணக்குப்படி பதினாலரை கிராம் காற்று வேண்டும். உள்ளே கலப்பதற்குக் கிடைக்கிற நேரம் கண்ணிமைப்பைவிடக் குறைவு என்பதால், புகையில்லாமல் எரிய நடைமுறையில் 18, 20 கிராம் இருந்தால்தான் சரி. அதற்கு மேல் ஊற்றுகிற டீசலில் ஒரு பகுதி கரியாக வெளியே போகும். உங்கள் காசுதான் பின்னால் கறுப்பாகப் பறக்கிறது. போதாததற்கு எக்ஸாஸ்ட் சூடு ஏறி, பிஸ்டன் தலை அரிபடும், சிலிண்டர் ஹெட் விரியும், இன்ஜின் ஆயில் கரியில் கெட்டியாகும். அக்னி நட்சத்திரத்தில் சுமையோடு மேடேறும்போது இதெல்லாம் ஒன்றாக வரும்.

பிக்கப் திடீரென்று குறைந்திருந்தால் பம்பைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை வேறு. ஆக்சிலரேட்டர் பெடலைத் தரை வரை மிதித்தால் பம்பிலுள்ள லீவர் கடைசி வரை போகிறதா? கேபிள் தொய்ந்து, முக்கால் சக்தியில் வருஷக்கணக்காக ஓடுகிற வண்டிகள் உண்டு. அடுத்து ஏர் ஃபில்டர். நம் செம்மண் புழுதியில், மல்லாட்டைக் காட்டு அறுவடைக் காலத்தில், ஆயில் ஊற்றுகிற பழைய ஃபில்டரின் கிண்ணம் சில நாளில் சேறாகிவிடும். பிறகு டீசல் ஃபில்டரில் தண்ணீர், டேப்பட் இடைவெளி, நாசில் அழுத்தம், ஜாக்கியில் தூக்கினால் சுற்றாமல் பிடிக்கிற பிரேக் டிரம். இத்தனையும் சரி என்ற பிறகுதான் பம்ப். அதுவும் பெஞ்சில் ஏற்றி அளந்து பார்க்கிற கடையில், தெருவோரத்தில் ஸ்பேனரால் அல்ல.

“தெர்மோஸ்டாட்ட கழட்டிப் போடு, சூடே ஆவாது”

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்பது கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது வெளியிலுள்ள வெயிலைப் பார்க்கிற சாமான் அல்ல. இன்ஜின் தண்ணீர் 80 டிகிரிக்குப் பக்கத்தில் வரும் வரை மூடியிருந்து, பிறகு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். கழற்றிவிட்டால் இன்ஜின் சூடாக நேரமாகும். குறைந்த சூட்டில் டீசல் முழுக்க எரியாமல் லைனர் சுவரில் படியும், ஆயிலில் இறங்கும், லைனர் தேயும். அதைவிட வேடிக்கை, சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கிற அமைப்பு உண்டு. அதில் கழற்றிவிட்டால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பும். சூடு குறைய வேண்டிக் கழற்றியது சூட்டைக் கூட்டும்.

உண்மையில் சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர். உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கும். வெளியே புல் விதையும் கரும்புச் சோகைத் தூசியும் அடைத்திருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டை எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். வாளியில் மொண்டு ஊற்றுகிற பழக்கத்தை விட்டு, கூலன்ட் ஊற்றி ஓட்டினால் பாதிப் புகார் இல்லாமல் போகும்.

“புது டீசல்ல சத்து இல்ல, கொஞ்சம் கிரசின் கலந்தா இழுக்கும்”

2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்கக் கிடைப்பது பி.எஸ்.6 டீசல், பத்து லட்சத்தில் பத்து பங்குதான் கந்தகம். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் குறையும் என்பது மெய். அதனால்தான் வழவழப்புக்கும் தர அளவு வைத்து, சேர்க்கை கலந்து விற்கிறார்கள். பழைய பம்புகளில் காய்ந்துபோன ரப்பர் சீல்கள் புது டீசலில் கசியலாம். சீலை மாற்றினால் முடிந்தது. மண்ணெண்ணெய் கலப்பதோ நேர் எதிர் வேலை. ரோட்டரி பம்புக்கு உள்ளே ஓடுகிற டீசல்தான் மசகு எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. தேய்ந்து அழுத்தம் குறைய, சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். மிச்சம் பிடித்த காசு பம்ப் கடைக்குப் போகும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டியில் ஊற்றுவது 1993ஆம் ஆண்டு மத்திய ஆணைப்படி குற்றமும்கூட.

காலையில் கால் மணி நேரம் நிற்க வைத்து ஓடவிடுவதும் வேண்டாத வேலை. பெஜோ போன்ற, முன்னறையில் எரிக்கிற இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் சூடாகச் சில நொடி காத்திருக்க வேண்டும். டிஐக்கு மார்கழியிலும் பெரும்பாலும் அது தேவைப்படாது. ஆயில் விளக்கு அணைந்ததும் மெல்லக் கிளம்பலாம்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்பார்கள். கியரில் இறங்கும்போது, கால் ஆக்சிலரேட்டரில் இல்லையென்றால், பம்பிலுள்ள கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் குடிக்கும். மலைப்பாதையில் நியூட்ரலில் போவது பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிற காரியமும்கூட.

கடைசியாக, “பத்து வருஷ டீசல் வண்டிய பிடிச்சிக்குவாங்க.” அது டெல்லியும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் பற்றிய கதை, 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்பது அரசு வண்டிகளுக்கு. விழுப்புரம் மாவட்டத்தில் சொந்த ஜீப் வைத்திருப்பவர் 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்குவது தம் போதவில்லையென்று சொல்லாமல் கொள்ளாமல் வேறு இன்ஜினை இறக்கியவர்கள். வண்டியிலுள்ள நம்பரும் ஆர்.சி.யிலுள்ள நம்பரும் ஒத்துப்போகாது. முன் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்பார்கள்.