விலக்கி வைப்பது பாதுகாப்பு ஆகாது: களப்பணி பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

வாசுதேவநல்லூர் முதல் குற்றாலம் வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தாவரவியல், விலங்கியல், சூழலியல் மாணவர்களின் களப்பணி, அதாவது வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் வெளியே தங்கித் தரவு திரட்டும் பணி, திட்டமிடப்படும்போதெல்லாம் துறைக் கூட்டங்களில் ஒரு கருத்து தவறாமல் முன்வைக்கப்படுகிறது. காடு பெண்களுக்கு ஆபத்தானது, ஆகவே இரவு தங்கும் களப்பணிக்கு மாணவிகளை அனுப்பாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு என்பதே அது. அக்கறையின் குரலில் சொல்லப்படுவதாலேயே இதை எவரும் மறுத்துக் கேட்பதில்லை. ஆனால் இது சான்றற்றது, சட்டத்தின் நோக்கத்துக்குப் புறம்பானது, உண்மையான ஆபத்தை மறைப்பதன் மூலம் மாணவிகளுக்கு நேரடியாகத் தீங்கிழைப்பது.

களத்தில் தீங்கு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மானிடவியல், தொல்லியல், உயிரியல் முதலிய துறைகளின் களப்பணியாளர்கள் 666 பேரிடம் கேத்ரின் கிளான்சி உள்ளிட்ட நான்கு அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய கருத்துக்கணிப்பு 2014இல் வெளிவந்தது. அதில் பதிலளித்தோரில் 64 விழுக்காட்டினர் களத்தில் பாலியல் சீண்டலுக்கு உள்ளானதாகவும், ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் உடல்ரீதியான பாலியல் தாக்குதலுக்கு உள்ளானதாகவும் தெரிவித்தனர். இளம் பெண் ஆய்வாளர்களிடம் அத்துமீறியவர்களில் பெரும்பாலோர் அதே குழுவில் அவர்களுக்கு மேலிருந்த மூத்தவர்கள் என்பதே அக்கணிப்பின் மிக முக்கியமான முடிவு. கரடியையும் யானையையும் ஊர்க்காரரையும் காட்டி மாணவிகளை வீட்டில் இருத்துவோர், மாணவியின் உணவு, வாகனம், தரவு, ஆய்வேட்டில் இடவேண்டிய கையொப்பம் ஆகிய அனைத்தும் ஒரே மேற்பார்வையாளரின் கையில் குவிந்திருக்கும் நிலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவர்கள் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

இந்நம்பிக்கைக்கு ஆதாரமாகக் குரங்கணியை எடுத்துக் காட்டுவோரும் உள்ளனர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்குழுக்களில் பெண்கள் பலர் இருந்தனர் என்பது உண்மையே. அந்நிகழ்விலிருந்து பெறவேண்டிய பாடம் பருவத்தைப் பற்றியதே அன்றிப் பாலினத்தைப் பற்றியது அல்ல. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலைச்சரிவுகளில் புல் காய்ந்து நிற்கும் காலத்தில், தீ எத்திசையில் வந்தால் எவ்வழியே இறங்குவது என்று வகுத்துக்கொள்ளாமல் செல்லும் எந்தக் குழுவுக்கும் அதே முடிவு நேரலாம். குரங்கணித் தீக்குப் பின்னரே தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை 2018இல் வகுத்தது. தீயிலிருந்து தப்பும் திட்டம் இல்லாத குறையைப் பெண்கள் இருந்த குறையாகத் திரிப்பது இறந்தவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

களத்தில் நடப்பதற்கு யார் பொறுப்பு என்பதில் சட்டம் எவ்விதக் குழப்பத்துக்கும் இடம் தரவில்லை. கல்லூரிச் சுற்றுச்சுவருக்கு வெளியே நடப்பதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பது மேற்கண்ட நம்பிக்கையின் உடன்பிறப்பு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியின் பொருட்டுச் செல்லும் எந்த இடத்தையும், அதற்காக வழங்கப்படும் வாகனத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இன்னும் தெளிவாக, களப்பயணம், கல்விச் சுற்றுலா, முகாம், பயிற்சிப் பணி ஆகியவை நடக்கும் இடங்களைக் கல்வி வளாகத்தின் விரிவாகவே கொள்கின்றன. ஆகவே சிவகிரி வனச்சரகத்து ஓடைக்கரையில் நடக்கும் அத்துமீறலும், குற்றாலத்து விடுதியறையில் நடப்பதும், நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழு, அதாவது இத்தகைய புகார்களை விசாரிப்பதற்காகச் சட்டப்படி அமைக்கப்பட வேண்டிய குழு, விசாரித்தே ஆகவேண்டியவை. புகாரை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தரவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அக்குழு மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கலாம். இதைக் களத்துக்குப் புறப்படும் முன் மாணவர்களுக்குச் சொல்லாத துறைத்தலைவர் தம் கடமையில் தவறியவர் ஆகிறார்.

பெண்களை விலக்குவதால் அறிவியலுக்கு நேரும் இழப்பும் சிறிதன்று. 1912இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாகி, பிறகு ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆய்வாளர் கண்ணில் படாதிருந்த பிரம்பு ஆமையை 1982இல் கேரளக் காடுகளில் காடர் பழங்குடியினரின் துணையோடு மீண்டும் கண்டறிந்தவர் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ஜெ. விஜயா. இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளராகப் போற்றப்படும் அவர் காட்டிலேயே தங்கி அப்பணியைச் செய்தார். 2006இல் அவ்வாமைக்கு வகுக்கப்பட்ட புதிய பேரினத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தவளை, பாம்பு, வௌவால் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுக்கு இரவுதான் பணிநேரம். இரவுத் தரவு மறுக்கப்பட்ட மாணவிக்கு அவ்வுயிர்களைப் பற்றி ஆய்வேடு எழுதும் வாய்ப்பும் மறுக்கப்படுகிறது. பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி மலையின் காலடியில் நடக்கும் குற்றாலத்தில், அம்மலை பெண்களுக்கு உரியதல்ல என்று கற்பிப்பது வெட்கத்துக்குரியது.

விலக்கலுக்கு மாற்று, எழுதப்பட்ட பாதுகாப்புத் திட்டம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2023 முதல், வளாகத்துக்கு வெளியே நடக்கும் ஆய்வுகளுக்கு நிதி கோரும் நிறுவனங்கள் இத்தகைய திட்டத்தை வகுத்து உறுதியளிக்க வேண்டும் என்று விதித்தது. நம் கல்லூரிகள் அதற்கு வெளிநாட்டு நிதியை எதிர்பார்க்கத் தேவையில்லை. இரண்டு பக்கம் எழுதினால் போதும். குழுவில் எவர் எவருக்குப் பொறுப்பு, மேற்பார்வையாளர் மீதே புகார் என்றால் அவரைத் தாண்டி எவரை அழைப்பது, கைபேசிச் சமிக்ஞை எந்த இடம் வரை கிடைக்கும், தங்குமிடத்தின் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, மாதவிடாய்க் காலத்துத் துணிகளைத் துவைக்கவோ அப்புறப்படுத்தவோ என்ன ஏற்பாடு என்பன அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் எவரிடமும் கேட்காமல் ஊர் திரும்புவதற்கான பேருந்துக் கட்டணம் முன்கூட்டியே தரப்பட வேண்டும். முகாமில் சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும் பாலினத்தாலோ சாதியாலோ சிலர் தலையில் விழாதபடி முறை வைத்து எழுதப்பட வேண்டும். தென் மாவட்டங்களில் இதை எழுதாமல் விட்டால் அவ்வேலையைச் சாதியே பங்கிடும் என்பதை இம்மண்ணில் வாழ்வோருக்கு விளக்கத் தேவையில்லை. உடற்குறை உள்ள மாணவருக்குக் களம் ஒத்துவராது என்ற முடிவும் இவ்வாறே தவறானது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதியை உரிமையாக்குகிறது. மலை உச்சியில் எடுக்கும் மாதிரியை அடிவாரத்திலும் எடுக்க முடியுமா என்று வடிவமைப்புக் கட்டத்திலேயே கேட்பது அதன் முதற்படி.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே மறுக்கலாம். வானம் தெளிந்திருந்தால் ஓடையில் இறங்கலாம் என்பது உயிரைப் பறிக்கும் அறியாமை. மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழை சில நிமிடங்களில் கீழே வெள்ளமாக வந்துசேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அவ்வாறு திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. நீர் கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும்.

பாம்பு கடித்த இடத்தை இறுகக் கட்டி, கீறி, இரத்தத்தை உறிஞ்சி, பச்சிலை வைத்தால் பிழைக்கலாம் என்பதும் பொய். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் நச்சுமுறி மருந்து உண்டு. இம்மலைகளில் வாழும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியனின் நஞ்சுக்கு அம்மருந்து பயன்படாது. எனினும் மற்ற நான்கின் கடிக்காக, எந்த மருத்துவமனையில் நச்சுமுறி இருப்பில் உள்ளது என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரை வலி தெரியாமல் கடிப்பது என்பதால், கொசுவலை கட்டிய கட்டில் முகாமின் முதல் மருந்து.

வனத்துறை அனுமதி வெறும் சம்பிரதாயம் என்பதும் தவறு. 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தில் ஆய்வுக்காக நுழைவதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. ஒரு குழு மலையில் எங்கிருக்கிறது என்பதை வெளியிலுள்ள ஒருவர் அறிந்திருப்பதற்கும் அந்த அனுமதியே வழி செய்கிறது.

இவை அனைத்திலும் ஒரு தரப்பினர் விடுபடுகிறார்கள். வாசுதேவநல்லூர் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினர் பாதை காட்டி, சுமை தூக்கி, இலையைப் பார்த்தே மரத்தின் பெயர் சொல்லி ஆய்வை நடத்தித் தருகிறார்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர்கள் 'உள்ளூர் உதவியாளர்' என்ற பெயரில்லாச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறார்கள். காப்பீடு மாணவருக்கு உண்டு, முன்னால் நடந்து முதலில் பாம்பை மிதிக்கக்கூடியவருக்கு இல்லை. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானவருக்கு 2 லட்சம் ரூபாய் காப்பு கிடைக்கிறது. எந்த ஆய்வுத் திட்டத்தின் வரவுசெலவிலும் இடம்பெறக்கூடிய அந்த 20 ரூபாயைக் கட்டாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் செல்லாது. மேலும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தினக்கூலியாக வேலை செய்பவரையும் பணியாளர் என்றே கொள்கிறது. ஆகவே குழுவுக்குச் சமைக்க வரும் பளியர் பெண்ணிடமும், தவறு நடந்தால் எவரிடம் சொல்லலாம் என்பதையும் அவரது தொலைபேசி எண்ணையும், முதல் நாள் காலையிலேயே, மேற்பார்வையாளர் அருகில் இல்லாத நேரத்தில், ஒரு பெண் ஆசிரியர் நேரில் சொல்லிவிட வேண்டும்.